பாறு இறங்கும்வரை

மாயாற்றுப்புதூர் அரசு உயர்நிலைப்பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அந்த ஆண்டு பாறுகளின் கண்களால் உலகைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஊரார் முகத்தைச் சுளித்துக்கொண்டு பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லும் பறவையே பாறு. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகளில் அவ்வினத்தின் கடைசிக் கூட்டமொன்று எஞ்சியிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பிடித்து, ஒவ்வொன்றின் விழிக்குப் பின்னாலும் தலைமயிரினும் மெல்லிய இழையொன்றைச் செருகிப் பறக்க விட்டார்கள். அந்த இழை அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் தலைக்கவசங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. அழிந்துவரும் உயிரினம் ஒன்றைப் பற்றிய செயல்திட்டம் என்று கல்வித்துறை அதற்குப் பெயரிட்டது.

"இதுக்கு ஒரு கேமராவைக் கட்டிவிட்டா ஆகாதா சார்?" என்று அறிவியல் ஆசிரியை எஸ்தர் முதல் நாளே கேட்டார்.

"கட்டிப் பார்த்துட்டோம் டீச்சர். ஒண்ணோட கேமராவை இன்னொண்ணு கொத்திப் பிய்ச்சுப் போட்டுடுச்சு," என்றார் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் சபேசன். "இந்த இழைக்கு எடையே கிடையாது. ஆனா இது அனுப்புறது படம் இல்லை, வெறும் துடிப்பு. அதைப் படமாக் கோத்துக்கிறது பிள்ளையோட மூளை. மாசக்கணக்கா ஒரே பறவையோட பழகணும். பெரியவங்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும். பிள்ளைங்க மூளைதான் வளையும்."

"பதிவு செஞ்சு வைக்க முடியுமா?"

"எதைப் பதிவு பண்றது? பார்க்கிற பிள்ளைதான் பதிவு."

"பார்வையோட வேற எதுவும் வந்துடாதே? பயம், பசி, அந்த மாதிரி?"

"பார்வை மட்டும்தான் டீச்சர்," என்றார் சபேசன், சற்று விரைவாகவே.

பிள்ளைகள் அதனை நம்பவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றியவுடன் அவர்களுக்கு அகோரமாகப் பசித்தது. சத்துணவுக்கூடத்து ராசாத்தி, "உங்க கழுகுக் கூட்டத்துக்குன்னு தனி அண்டா வெக்கோணும் டீச்சர்! முட்டைய ஓட்டோட முழுங்குதுக!" என்று முறையிட, வகுப்பே சிரித்தது. பறவையின் பசிதான் தங்களுக்குள் இறங்குகிறது என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். பெரியவர்களிடம் சொன்னால் கவசங்களைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சி வாய்திறவாதிருந்தார்கள். மற்றெல்லாரையும்விட மிகுதியாக உண்டவள் மேகலா. மாட்டுக்காரர் சென்னியப்பனின் ஒரே மகள். கூட்டத்திலேயே மிகப் பெரிய பறவை அவளுடையது.

அவர்களுடைய வேலை எளிது. புலி மாட்டை அடித்தால், மாட்டுக்காரர்கள் வன்மங்கொண்டு அச்சடலத்தின்மீது பயிருக்கு அடிக்கும் நஞ்சை ஊற்றிவிட்டு வருவது அப்பகுதி வழக்கம். மறுபடி தின்னவரும் புலி சாகட்டும் என்பது அவர்கள் எண்ணம். புலி வருவதற்கு முன்னரே பாறுகள் வந்துவிடும். கூட்டமாகத் தின்று கூட்டமாகச் சாகும். ஆதலால், தன் பறவை தரையிறங்குவதைக் கண்ட மாணவர் மேசையிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். உடனே வனக்காவலர் நஞ்சுண்டனின் கைப்பேசியும் வனச்சரக அலுவலகத்து மணியும் ஒலிக்கும். நஞ்சுண்டன் ஓடிப்போய், பறவைகளைக் கலைத்து, இறைச்சியைச் சோதித்து, நஞ்சிருந்தால் எரித்துவிடுவான்.

முதல் வாரத்தில் பிள்ளைகள் பறவை வட்டமிட்டதற்கெல்லாம் பொத்தானை அழுத்தித் தொலைத்தார்கள். முட்புதர் கிழித்த கால்களோடு நஞ்சுண்டன் வகுப்பறைக்கே வந்துவிட்டான்.

"ஏனுங்க பாப்பா, நானென்ன மனுசனா, பந்தயக் குதிரையா? அது வானத்துல சுத்துனா உசுரு இன்னும் போகலீன்னு அர்த்தம். உசுரு இருக்கற எதையும் அது தொடாது. எறங்குனா மட்டும் அமுத்துங்க. அதுவரைக்கும் என்னைய ஒரு வாய் டீக் குடிக்க உடுங்க!"

அன்றுமுதல் அதுவே வகுப்பின் விதியாயிற்று. பாறு இறங்கும்வரை பொத்தானைத் தொடலாகாது.

* * *

ஆவணி மாதத்தில் ஒரு நாள், காட்டோரப் பட்டியில் அடைத்திருந்த சென்னியப்பனின் செவலைப் பசுவைப் புலி அடித்து இழுத்துச் சென்றது. கன்றாக இருந்தபோது தாயை இழந்து, அவர் கையால் பால் புகட்டி வளர்த்த பசு அது. செய்தி கேட்டு வாசலில் அமர்ந்து அழுதவர், மறுநாள் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மிணி, உம்பட கழுகு இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று பள்ளிக்குப் புறப்பட்ட மகளிடம் கேட்டார்.

"வடக்குப் பாறையிலதானுங்கப்பா. வெயிலேறுனாத்தான் கெளம்பும்."

"சரி சாமி. நல்லாப் படி."

அன்று மேகலாவின் முறை. கவசத்தை அணிந்து கண்களை மூடியபோது, அவள் பறவை வழக்கத்துக்கு முன்பாகவே வானில் இருந்தது. பாறின் பார்வை மனிதப் பார்வை போன்றதன்று. அசைவன யாவும் அதற்கு மங்கலாகத் தெரியும்; அசைவு நின்றவை மட்டுமே துலங்கும். காற்றிலாடும் மரங்களும் ஓடும் மான்களும் அழுக்குத் துணிபோல் மங்கிக்கிடக்க, அவற்றின் நடுவே செவலைப் பசு ஒரு விளக்கைப்போல் எரிந்தது.

பசுவின் அருகே மங்கலான ஓர் உருவம். கையில் நீலநிறக் கேன். நடையைக் கொண்டே அவள் தந்தையை அடையாளம் கண்டுகொண்டாள்.

காக்கி உடையில் இன்னோர் உருவம் புதரைவிட்டு வெளிப்பட்டது; பசு அடிபட்ட செய்தி கேட்டுக் காவலுக்கு வந்திருந்த நஞ்சுண்டன். பேச்சு அவள் காதில் விழவில்லை. இருவரும் நின்றதால் உருவங்கள் துலங்கின; வாயருகே மட்டும் மங்கலாக அசைந்தது. நஞ்சுண்டன் கேனை எட்டி உதைத்தான். அது உருண்டு பள்ளத்தில் விழுந்தது. தந்தை அவன் சட்டையைப் பற்றினார். அவன் அவர் முகத்தில் அறைந்தான். அவர் தடுமாறி விழுந்தார். எழும்போது அவர் கையில் கொடுவாள் இருந்தது.

முதல் வெட்டு தோளில் விழுந்தது. நஞ்சுண்டன் கையை உயர்த்தித் தடுத்தான். இரண்டாவது வெட்டில் அக்கை பாதியாகத் தொங்கியது. அவன் திரும்பி ஓடினான். தந்தை துரத்திச் சென்று முதுகில் வெட்டினார், பின்பு கழுத்துக்கும் தலைக்கும் இடையில் வெட்டினார், அதன்பின் விறகு பிளப்பவரைப்போல் எங்கே விழுகிறதென்று பாராமல் வெட்டினார். சிவந்த மண்ணில் நஞ்சுண்டன் குப்புற விழுந்தான். தந்தை நின்று மூச்சு வாங்கினார். கொடுவாளைப் புல்லில் துடைத்தார். பின்னர் ஆற்றை நோக்கி நடந்து மறைந்தார்.

மேகலாவின் கை பொத்தானின்மீது இருந்தது.

நஞ்சுண்டன் சாகவில்லை. முழங்கையை ஊன்றிச் சற்றுத் தொலைவு நகர்ந்தான். அவன் நகர்ந்தவரை மங்கலாகவே தெரிந்தான். பின்பு நின்றான். காற்பக்கத்திலிருந்து அவன் துலங்கலானான். பாதம் துலங்கியது, தொடை துலங்கியது, தொங்கிய கை துலங்கியது. மார்பு மட்டும் ஏறியிறங்கிக்கொண்டு மங்கலாயிருந்தது.

ஆளசைவு இருந்தவரை பசுவின்மேல் இறங்காமல் பறவை வட்டமிட்டது. ஒன்று பலவாயிற்று. பாறைகளிலிருந்து மற்றவையும் வந்து சேர்ந்தன.

அழுத்தினால் சரக அலுவலகத்து ஜீப் வரும். நஞ்சுண்டன் பிழைத்தாலும் பிழைப்பான். பிழைத்தால் தந்தையின் பெயரைச் சொல்வான். அழுத்தாவிட்டால் அவன் செத்துப்போவான். இவ்வளவும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆயினும் கை அழுத்தவில்லை. பாறு இன்னும் இறங்கவில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டபோதே, வாயில் எச்சில் ஊறி, மோவாய் வழியே வடிந்து, மேசையில் சொட்டியது. அந்த மார்பு எப்போது துலங்கும் என்று அவள் காத்திருந்தாள். வயிற்றுக்குள் ஓர் இனிய பொறுமை பரவியது. வீட்டில் கறி வேகும் நாளில் அடுப்பங்கரை வாசலில் நிற்கும்போது வருகின்ற அதே பொறுமை.

மார்பு துலங்கியது. பறவை சரிந்து இறங்கியது.

நஞ்சுண்டனின் முகம் அவ்வளவு அருகில் வந்ததை அவள் அதற்கு முன் கண்டதில்லை. பாறுகள் கண்ணிலிருந்துதான் தொடங்கும்.

"மேகலா! என்னடி இது? வாயெல்லாம்… கழட்டு, கழட்டு!" என்று எஸ்தர் டீச்சர் பதறி ஓடிவந்து கவசத்தைப் பிடுங்கினார். மேகலா அந்தக் கையைப் பற்றிக் கடித்தாள். பற்கள் எலும்பைத் தொடும்வரை விடவில்லை. மாணவர்கள் அலறிக்கொண்டு பெஞ்சுகளின்மேல் ஏறினார்கள். இரத்தம் ஒழுகும் கையால் டீச்சர்தாம் பொத்தானை அழுத்தினார்.

* * *

ஜீப்பில் போனவர்கள் சாக்குப்பையோடு திரும்பினார்கள். புலிதான் அடித்திருக்கவேண்டும் என்று சென்னியப்பன் கூட்டத்தில் நின்று சொன்னார். மண்டையோட்டில் இரும்பின் வெட்டு இருப்பதாக மருத்துவர் சொன்னார். மண்ணில் ஊர்ந்த தடத்தைக் கொண்டு, வெட்டுப்பட்டவன் வெகுநேரம் உயிரோடிருந்தான் என்றும் சொன்னார். வெட்டியது யாரென்பதற்குத் தடயமில்லை. ஆறு எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. மேகலாவிடம் கேட்டார்கள். "நஞ்சுண்டண்ணன் கெடந்தாரு" என்பதற்கு மேல் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஊர் கொதித்தது. கொன்றவன் கையில் அகப்படாததால் தின்றவற்றின்மேல் பாய்ந்தது. மறுநாள் தடியும் கடப்பாரையும் ஏந்திய இளைஞர்கள் ஆற்றங்கரைக்குப் போனார்கள். வயிறு முட்டத் தின்ற பாறு எளிதில் பறக்காது. இறக்கையை விரித்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடும். ஓடியவற்றை அவர்கள் வளைத்து அடித்தார்கள். கழுத்தை மிதித்து நசுக்கினார்கள். சிலவற்றை உயிரோடு பாறையில் அறைந்தார்கள். நாடெங்கிலும் எஞ்சியிருந்த ஒரே கூட்டம் பொழுது சாய்வதற்குள் தீர்ந்தது.

மிகப் பெரிய பறவையைக் கம்பில் கட்டித் தூக்கிவந்து பள்ளி வாயிலில் தொங்கவிட்டார்கள். "இந்தா, உங்க பாடம்! படிச்சுக்குங்க!" என்று ஒருவன் கத்தினான். வாயிற்கம்பியைப் பிடித்துக்கொண்டு மேகலா அதைப் பார்த்தாள். அதன் விழிகள் பிதுங்கியிருந்தன. ஒரு விழியின் பின்னாலிருந்து மெல்லிய இழை வெளியே தொங்கிக் காற்றிலாடியது.

அழுகை வருமென்று காத்திருந்தாள். அவளுக்குப் பசித்தது.

* * *

அன்று இரவு தாய் சாமியாத்தாள் சோறு போட்டாள். மேகலா சட்டி காலியாகும்வரை உண்டாள். எதிரே அமர்ந்திருந்த சென்னியப்பன் தம் தட்டைத் தொடவில்லை.

"பாத்தியா அம்மிணி?"

"பாத்தேனுங்கப்பா."

"எதுவரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

"கடைசின்னா… நான் வந்ததுக்கப்புறமும் உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. ரொம்ப நேரம்."

சென்னியப்பனின் வாய் கோணிற்று. "செத்துட்டான்னுதான் வந்தேன் சாமி. சத்தியமா."

"பொறவென்ன, ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பீங்களா?" என்றாள் சாமியாத்தாள் அடுப்பருகிலிருந்து. "அவம் பொண்டாட்டி மாதி கைப்புள்ளையோட கெடந்து கதறுறா. போய் ஒத்துக்குங்க."

அவர் எழுந்து மனைவியின் தலைமயிரைப் பற்றிச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார். நெற்றி பிளந்து இரத்தம் மூக்கின் வழியே இறங்கிற்று. அப்போது உள்ளே வந்த வழக்கறிஞர் தங்கராசு, சாமியாத்தாளின் உடன்பிறந்தவர், மைத்துனரைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"போதும் மாப்ள, போதும்! கொலைகாரன்னு ஊருக்கே காட்டிக்கப் போறீங்களா?" என்றவர், தங்கையின் நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே மருமகள்பக்கம் திரும்பினார். "இங்க பாரு கண்ணு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஆர்டிஓ அம்மா விசாரணை. உன்னைய விட்டாச் சாட்சி கிடையாது. வாயே திறக்க மாட்டேன்னு சொல்லாத, சந்தேகம் வரும். பார்த்ததைச் சொல்லு. அப்பா பேரையே வேணும்னாலும் சொல்லு."

"என்ன மச்சா இது!"

"நீங்க சும்மா இருங்க. பொறவு ஒண்ணு மட்டும் சேர்த்துச் சொல்லு கண்ணு. கழுகோட பசியும் வெறியும் உம் மண்டைக்குள்ள வந்துச்சுன்னு. வந்துச்சில்ல?"

"வந்துச்சுங்க மாமா."

"அதேதான்! டீச்சர் கையக் கடிச்சு வெச்சிருக்கியே, அதுதான் நமக்கு ஆதாரம். வெறிபுடிச்ச மிருகத்தோட மூளையும் புள்ளையோட மூளையும் கலந்து கண்டது எது, கனவு கண்டது எதுன்னு யாரு சொல்றது? எந்தக் கோர்ட்டும் அந்தச் சாட்சியை ஏத்துக்காது. அப்பனும் தப்பிச்சான், உம்மேலயும் ஒரு பழி இல்ல. பொத்தானை ஏன் அமுத்தலைன்னு கேட்டாலும் அதேதான் பதில். கழுகு விடலை."

மேகலா தாயைப் பார்த்தாள். துண்டு முழுவதும் சிவந்திருந்தது.

* * *

பள்ளியின் கூட்ட அறையில் மேசைக்கப்பால் ஆர்டிஓ அம்மாவான கோட்டாட்சியர் அமர்ந்திருந்தார். ஒருபுறம் காவல் ஆய்வாளரும் சபேசனும்; மறுபுறம் தங்கராசும் சென்னியப்பனும். முன்வரிசையில் நஞ்சுண்டனின் மனைவி மாதி, மடியில் குழந்தையோடு இருந்தாள். எஸ்தர் டீச்சரின் கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது.

மேகலா பார்த்தவற்றை வரிசை பிறழாமல் சொன்னாள். கேனின் நிறத்தைச் சொன்னாள். எந்தக் கை முதலில் தொங்கிற்று என்பதைச் சொன்னாள். தந்தையின் பெயரையும் சொன்னாள். கேன் பள்ளத்தில் கிடந்ததென்று ஆய்வாளர் தலையசைத்தார். சென்னியப்பன் நிமிர்ந்தே அமர்ந்திருந்தார்.

தங்கராசு எழுந்தார். "மேடம், அந்தப் பள்ளத்துல கேன் கிடந்தது ஊருக்கே தெரியும். எந்தக் கேனும் யார் கேனுன்னு பேசாது. இந்தப் புள்ள அன்னைக்குப் புள்ளையாவே இல்லை. டீச்சரோட கையைப் பாருங்க. கழுகு வெறி மூளையில ஏறுன ஒரு சிறுமியோட பேச்சை வெச்சு ஒரு மனுசனத் தூக்குல போட முடியுமா?"

"பார்வையைத் தவிர எதுவும் வர வாய்ப்பில்லை," என்றார் சபேசன். அவருடைய குரலில் உறுதி இல்லை. "அதாவது… எங்க சோதனைகள்ல வரலை. இப்பச் சோதிக்கலாம்னா, பறவையே இல்லை."

கோட்டாட்சியர் மேகலாவை நோக்கிக் குனிந்தார். "பாரும்மா, இதை நீ ஒருத்திதான் சொல்ல முடியும். யோசிச்சுச் சொல்லு. பார்வையோட சேர்ந்து வேற ஏதாவது உனக்குள்ள வந்துச்சா? அந்தப் பறவையோட வெறி, பசி, ஏதாவது?"

தங்கராசு மெல்லத் தலையசைத்தார். சென்னியப்பன் மகளின் முகத்தையே பார்த்தார். அவருடைய உயிர் அந்த ஒரு சொல்லில் தொங்கியது. அது அறையிலிருந்த அனைவருக்கும் தெரிந்தது.

பறவை மாண்டபின்பும் நேற்றிரவு உண்டதை மேகலா எண்ணினாள். இன்று காலையில் உண்டதை எண்ணினாள். இப்போது, இங்கே நிற்கும்போதும், அந்தப் பசி உள்ளே இருந்தது. அதை அனுப்புவதற்கு வானத்தில் எதுவும் இல்லை.

"இல்லைங்க," என்றாள். "பார்வை மட்டுந்தான் வந்துச்சுங்க."

தங்கராசு நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"அப்போ எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. நீயும் நீயாத்தான் இருந்தே. நஞ்சுண்டன் உயிரோட இருந்ததும் தெரிஞ்சுது," என்றார் கோட்டாட்சியர் நிதானமாக. "பொத்தானை ஏன் அழுத்தலைம்மா?"

"கழுகு எறங்குனாத்தான் அமுத்தோணும்னு சட்டமுங்க."

"அது மாட்டுக்கு வெச்ச சட்டம்."

"ஆமாங்க."

"அப்பாவைக் காப்பாத்தணும்னுதானா?"

"அதுவும் இருக்குதுங்க."

"அதுவும்னா? வேற என்ன?"

மேகலா மேசையில் இருந்த கைகளை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பசிச்சுதுங்க."

"யாருக்கு?" என்ற கேள்வி கோட்டாட்சியரிடமிருந்து வரவில்லை. மாதி எழுந்து நின்றிருந்தாள். குழந்தை அவள் தோளில் உறங்கிற்று. "அவரு கெடந்து துடிச்சாரே, அப்ப யாருக்குப் பசிச்சுது? சொல்லு."

"எனக்குங்க அக்கா," என்றாள் மேகலா.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் விரல்கள் நின்றன. எழுதலாமா என்று அவர் கோட்டாட்சியரைப் பார்த்தார். கோட்டாட்சியர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மாதி குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து அறையைவிட்டு வெளியேறினாள்.

விசாரணை முடிந்தது. சென்னியப்பனின் மணிக்கட்டில் விலங்கை மாட்டி, காவலர் இருவர் தாழ்வாரத்தின் வழியே அழைத்துச் சென்றனர். மேகலா பின்னாலேயே ஓடினாள்.

"ஒரு நிமிசமுங்க," என்று காவலரிடம் கெஞ்சினாள். "அப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தை."

காவலர்கள் நின்றார்கள். மகள் கையை நீட்டிக்கொண்டு அருகே வந்தாள். நஞ்சுண்டனைக் கண்டந்துண்டமாக வெட்டிய சென்னியப்பன், அவளுடைய முகத்தையும் பின்னர் வாயையும் பார்த்தார். பிறகு ஓரடி பின்வாங்கி, காவலரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.